ஐந்தாம் தரம்

9 ஜனவரி 1995, திங்கள்

பனி. ஓசூரில் இந்த மாதம் பஸ் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் அது எந்த பஸ் என்று தெரிகிறது. சால்வையைக் கழற்றாமலே ஹாலுக்குள் போனேன்.

கம்பெனியில் 'பர்சனல்' என்று இருந்த போர்டைக் கழற்றிவிட்டு 'மனிதவளத் துறை' என்று புதிதாக மாட்டியிருக்கிறார்கள். பர்சனல் ஆபீசர் ராமபத்ரன் சார் டிசம்பரோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வருஷா வருஷம் மார்ச்சில் என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுங்கள்லாம் எப்படிம்மா?" என்று கேட்பார். "நல்லா பண்றாங்க சார்" என்பேன். எல்லாப் பெயருக்கும் எதிரே 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடிவிடுவார். அதை யாருக்கும் காட்டியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. அவர் இடத்துக்குச் சென்னையிலிருந்து நிரஞ்சன் என்று ஒருவர் வந்திருக்கிறார். முப்பது வயதுகூட இருக்காது. "பங்கஜவல்லி மேடம்தானே? காயில் செக்‌ஷன் சூப்பர்வைசர்?" என்று கை கொடுத்தார். இந்தக் கம்பெனியில் என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

மதியம் மேரி களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். "சீசன் முடியறதுக்குள்ள நாலு வாட்டியாவது நீ தின்னணும்டி வல்லி" என்று என் தட்டில் வைத்தாள். இருதயமேரியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எங்கள் கம்பெனி மோட்டார் சுவிட்சு செய்கிறது. அதற்குள் இருக்கும் செம்புக் காயிலைச் சுற்றுவது எங்கள் ஹால். ஆறு வருஷத்துக்கு முன்னால் என்னை சூப்பர்வைசர் ஆக்கும் வரை நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மேசை. இப்போது இருக்கிற இருபத்திரண்டு பெண்களில் அவள்தான் மூத்தவள்.

மண்ணெண்ணெய் வாங்கப் போனேன். தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

21 ஜனவரி, சனி

சூப்பர்வைசர்களுக்கு மீட்டிங். நிரஞ்சன் மேசைமேல் இரண்டு சுவிட்சுகளை வைத்தார்.

"இது நம்மது. இது கொரியாவுலேர்ந்து வர்றது. இறக்குமதி வரியைக் குறைச்சதுக்கப்புறம் இது நம்ம விலையில பாதிக்குக் கிடைக்குது. முன்னாடி நாம என்ன பண்ணாலும் அதைத்தான் வாங்கியாகணும். பணத்தைக் கட்டிட்டு ஆறு மாசம் காத்துக்கிட்டிருந்தாங்க. இனிமே யாரும் காத்திருக்க மாட்டாங்க."

ஜெர்மனிக்காரர்கள் நம்மோடு கூட்டுச் சேர வருகிறார்களாம். அவர்களுக்கு ஹால் மொத்தமாக எவ்வளவு செய்கிறது என்ற கணக்குப் போதாது. ஒவ்வொரு ஆளும் எப்படிச் செய்கிறார் என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். யூனியனும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது. போடாமல் என்ன செய்யும்? எதிர்த்தெரு பல்பு கம்பெனி பூட்டிக் கிடப்பதை எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டுதானே வேலைக்கு வருகிறோம்.

கொரியா சுவிட்சைக் கழற்றி, உள்ளே இருந்த காயிலை ஹாலுக்கு எடுத்துவந்து காட்டினேன். எல்லோரும் கை மாற்றிப் பார்த்தார்கள். மேரி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் சுத்தியிருக்கா, யாரோ ஒருத்தி" என்றாள்.

6 பிப்ரவரி, திங்கள்

இதுவரை எல்லோரும் சுற்றிய காயில் ஒரே பெரிய தட்டில் சேரும். இன்றிலிருந்து ஆளுக்கொரு நீலப் பெட்டி, பெட்டிக்கு ஒரு எண். மேரிக்கு ஒன்று. வாரம் இரண்டு நாள் தாமதமாக வருகிற லோகநாயகிக்குப் பதினான்கு. "ரேஷன் கார்டுல பேரு, இங்க நம்பரு" என்று அவள் எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

வேலை முடிகிற நேரத்தில் கொஞ்சம் காயில்களை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். முனையில் உருக்கி வைக்கிற ஈயம், சால்டர், சரியாகப் பிடிக்காமல் இருந்தால் நானே திரும்ப வைத்துவிடுவேன். சூப்பர்வைசர் அதைச் செய்ய வேண்டியதில்லை. பழகிய கை, சும்மா இருக்காது. இன்றைக்கும் உட்கார்ந்தேன். நிரஞ்சன் வந்து நின்றார்.

"மேடம், இனிமே நீங்க தொடக் கூடாது. யார் பண்ணினாங்களோ, பண்ணினது அப்படியே இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகணும்."

சால்டர் கம்பியைக் கீழே வைத்தேன். ஒன்றாம் எண் பெட்டியை இன்னும் தொட்டிருக்கவில்லை.

7 பிப்ரவரி, செவ்வாய்

ஒன்றாம் பெட்டியில் பாதிக்குமேல் திரும்பி வந்துவிட்டது. வெங்காயம் விலை ஏறியிருக்கிறது.

23 பிப்ரவரி, வியாழன்

மேரி நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "வெளிச்சம் பத்தல வல்லி. அந்த டியூப்லைட்ட மாத்தச் சொல்லேன்" என்றாள். எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டு மாற்றினேன். மற்றவர்கள் யாரும் வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

3 மார்ச், வெள்ளி

பெங்களூரில் ஒரு ஹோட்டலில் நாள் முழுக்கப் பயிற்சி. குளிர்பதன அறை. சால்வை கொண்டுபோகாதது தப்பாகிவிட்டது. திரையில் ஒரு படம் போட்டார்கள். மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கோடு. எந்த இடத்தில் ஆட்களை எடுத்துக்கொண்டாலும் ஒரு ஓரத்தில் கொஞ்சம் பேர் மிக நன்றாகச் செய்வார்களாம், நடுவில் நிறையப் பேர் இருப்பார்களாம், இன்னொரு ஓரத்தில் கொஞ்சம் பேர் பின்தங்குவார்களாம். இயற்கையே அப்படித்தானாம். தரம் ஐந்து. ஒன்று உயர்ந்தது, ஐந்து கடைசி. என் ஹாலுக்கு ஐந்தாம் தரம் இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் ஹாலில் அந்தப் படத்தைச் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். "இது மணியாக்கா? கவுத்து வச்ச களிச்சட்டி" என்றாள் லோகநாயகி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

20 மார்ச், திங்கள்

நான் கொடுத்த தாளை நிரஞ்சன் திருப்பித் தந்தார். எல்லோருக்கும் இரண்டும் மூன்றுமாகப் போட்டிருந்தேன்.

"எல்லாரும் நடுவுல இருக்க முடியாது மேடம்."

"இருக்காங்களே சார்."

அவர் கோபப்படவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "என்னை வில்லன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு மேல இருக்கறவர் கையிலயும் இதே ஃபார்ம்தான். என் டிபார்ட்மென்ட்ல நாலே பேர். அதுல ஒருத்தருக்கு நான் அஞ்சு போட்டாகணும்" என்றார். பிறகு, "உடனே யாருக்கும் ஒண்ணும் ஆகிடாது. தொடர்ந்து ரெண்டு வருஷம் அஞ்சு வந்தாத்தான் விருப்ப ஓய்வு பத்திப் பேசுவோம்" என்றார்.

27 மார்ச், திங்கள்

கொடுத்துவிட்டேன். ஐந்தாம் தரம் இரண்டு பேர். ஒரு பெயர் லோகநாயகி. இன்னொரு பெயரும் பெட்டிக் கணக்கு சொன்னபடிதான். நானாக எதுவும் எழுதவில்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை. வெயில் தொடங்கிவிட்டது, அதனால் இருக்கும்.

30 மார்ச், வியாழன்

கண்ணாடி அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்து, தரத்தைச் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். லோகநாயகியிடம் சொன்னதுமே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "என் மாமியாரு படுத்த படுக்கையா கெடக்கறது உனக்குத் தெரியாதாக்கா? குளிப்பாட்டி வச்சுட்டு ஓடி வர்றேன். அதுக்கு அஞ்சா? நல்லா இரு!" வெளியே ஹாலில் எல்லோருக்கும் கேட்டது. பதினைந்து நிமிஷம் கத்தினாள். கையெழுத்துப் போட்டாள். போகும்போது, "நாளைக்கு அரை நாள் லீவு வேணும்" என்றாள்.

மேரி கடைசியாக வந்தாள். "என்னடி, கண்ணாடி ரூம்ல உக்கார வச்சுப் பொண்ணு பாக்கறியா?" என்று சிரித்தாள். அவள் மகள் ஜெசிந்தாவுக்கு ப்ளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டதாம். கணக்குக் கஷ்டமாக இருந்ததாம். அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவளே, "எங்க போடணும் கையெழுத்து?" என்றாள்.

"படிச்சுப் பாரு."

"நீ எழுதினத நான் என்னத்தப் படிக்கறது?"

விரலால் இடத்தைக் காட்டினேன். போட்டாள். கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கி விழுந்தது.

படிச்சுப் பாரு என்று நான் சொன்னேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

14 ஏப்ரல், வெள்ளி

வருஷப் பிறப்பு. பெங்களூரிலிருந்து தம்பி குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தான். பிள்ளைக்குக் காய்ச்சலாம், வரவில்லை. அவனைப் படிக்க வைத்தபோது எனக்குக் கல்யாண வயது. இப்போது அவனுக்கே முன்வழுக்கை. செய்த பாயசத்தைக் கீழ்வீட்டில் கொடுத்தேன். பெரிய வெள்ளியும் இன்றைக்கே. மேரி மத்திகிரி சர்ச்சில் இருப்பாள்.

16 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டருக்கு மேரி வீட்டில் எனக்கு இலை உண்டு. எல்லா வருஷமும் அப்படித்தான். போனேன். ஜெசிந்தா பிரியாணி பரிமாறினாள். "சித்தி, உங்க கம்பெனில எனக்கு வேலை வாங்கித் தருவீங்களா?" என்றாள். "படிக்கற வழியப் பாரு" என்று மேரி அதட்டினாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பினேன். தூக்கில் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

2 மே, செவ்வாய்

இன்று எல்லோருக்கும் கடிதம் கொடுத்தார்கள். இந்த வருஷத்துச் சம்பள உயர்வும் தரமும் அதில் இருக்கிறது.

மேரி அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள், பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு லோகநாயகியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். லோகநாயகிக்கு மெதுவாகப் படிக்க வராது.

"அட, உனக்கும் அஞ்சாக்கா! எனக்கும் அஞ்சுதான்."

மேரி சிரித்தாள். "மாத்திப் படிக்காதடி."

"ஒன்றாம் எண்ணு, இருதயமேரி, தரம் அஞ்சு. போட்டிருக்கு பாரேன்."

"தப்பா அடிச்சிருப்பாங்க. வல்லிகிட்டக் கேட்டா தெரியுது."

நான் நான்காவது மெஷினில் குனிந்து, சுற்றுகளை எண்ணும் கவுண்ட்டரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அதில் கோளாறு ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது மேரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

3 மே, புதன்

மேரி லோகநாயகியோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்றைக்குக் கண்ணாடி அறையில் கத்திய லோகநாயகி என்னைப் பார்த்து, "ஊறுகாய் வேணுமாக்கா?" என்று கேட்டாள். மேரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாலையில் என் மேசைக்கு வந்து, "ஏழாவது மெஷின்ல கம்பி தீந்துடுச்சு மேடம்" என்றாள். ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

12 ஜூன், திங்கள்

எனக்கு முதல் தரம். 'கடினமான முடிவுகளைத் தயங்காமல் எடுத்தவர்' என்று எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். சான்றிதழுக்குச் சட்டம்கூடப் போட்டுத் தந்திருக்கிறார்கள். சுவரில் ஆணி இல்லை, பீரோவில் வைத்தேன்.

ஹால் நன்றாக நடக்கிறது. உற்பத்தி கூடியிருக்கிறது. சத்தமே இல்லை. முன்பெல்லாம் யாருக்காவது சால்டர் சரியாக வரவில்லை என்றால் பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பாள். இப்போது அவரவர் பெட்டியை அவரவர் பார்க்கிறார்கள். இன்று ஒரு சின்னப் பெண் தனியாக வந்து, பன்னிரண்டாம் எண் பாத்ரூமில் அதிக நேரம் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை. "பரவாயில்ல, போ" என்றேன். நான் அதைக் குறித்துக்கொள்ளாததில் அவளுக்கு ஏமாற்றம்.

16 ஜூலை, ஞாயிறு

காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் பால்காரரிடம் பேசியபோது குரல் கட்டியிருந்தது, அப்போதுதான் தெரிந்தது.

9 ஆகஸ்ட், புதன்

மேரி கண்ணாடி போட்டிருக்கிறாள். தடிமனான கண்ணாடி. கை கழுவுகிற இடத்தில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

"எப்ப போட்ட?" என்றேன்.

"போன வாரம் மேடம்."

"மேடம்னு சொல்லாத மேரி."

குழாயை மூடினாள். "அஞ்சு போட்டதுக்கு நான் கோவப்படல. போட்டுட்டு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா லோகா மாதிரி நானும் கத்தியிருப்பன். ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு மூணாம் நாள் பேசியிருப்பன். அத விடு. எனக்குக் கண்ணு மங்கறது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

பக்கத்துக் குழாயைத் திறந்தேன்.

"சொல்லு."

"ஒரு ரெண்டு வருஷமா."

"எனக்கு இந்த பிப்ரவரிலதான் தெரியும். பெட்டி பெட்டியா திரும்பி வந்துச்சே, அப்பத்தான். அது வரைக்கும் நான் நல்லாச் சுத்தறன்னுதான் நெனச்சிட்டிருந்தன். ரெண்டு வருஷமா நீ பின்னாடி உக்காந்து திருத்தியிருக்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'அடியே, கண்ணுக்கு என்னாச்சுன்னு போய்க் காட்டு'ன்னு சொன்னியா?"

"உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்..."

"பெங்களூரு பெரியாஸ்பத்திரியில காட்டினன். கண்ணுக்குள்ள அழுத்தமாம். போன பார்வ வராதாம். இருக்கறத மருந்து ஊத்திக் காப்பாத்திக்கலாமாம். 'ஏம்மா, முன்னாடியே வரலியா'ன்னு டாக்டரு திட்டறாரு. நான் என்னன்னு சொல்றது? என் சிநேகிதி பாத்துக்கிட்டான்னா?"

"நல்லதுக்குத்தான் பண்ணினேன் மேரி."

"தெரியும். அதனாலதான் உங்கிட்ட சண்ட போடக்கூட முடியல."

டப்பாவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ரேஷனில் பாமாயில் போட்டார்கள். வரிசை நீளமாக இருந்தது, வாங்காமல் வந்துவிட்டேன்.

20 நவம்பர், திங்கள்

ஜெர்மனியிலிருந்து தானாகச் சுற்றுகிற மெஷின் வந்து இறங்கியிருக்கிறது. ஒரு மெஷின் எட்டுப் பெண்களின் வேலையைச் செய்யுமாம். விருப்ப ஓய்வு அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். நான்காம், ஐந்தாம் தரக்காரர்களை முதலில் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். இரண்டு வருஷம் என்று சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை. நான் நினைவுபடுத்தினேன். "நிலைமை மாறிடுச்சு மேடம்" என்றார் நிரஞ்சன். அவரும் தூங்கியிருக்கவில்லை போல, கண் சிவந்திருந்தது.

"மேரியை பேக்கிங்குக்கு மாத்துங்க சார். அங்க கண்ணுக்கு வேலை கம்மி."

"பேக்கிங்கைக் கான்ட்ராக்டுக்கு விட்டாச்சே. போன மாசம் நீங்களும் அந்த மீட்டிங்ல இருந்தீங்க."

இருந்தேன்தான்.

10 டிசம்பர், ஞாயிறு

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மேரி வந்தாள். மே மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறியது இன்றுதான். காபி போட்டேன். குடித்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டேன், போதும் என்றாள்.

"எழுதிக் குடுத்துட்டன். மாசக் கடைசியோட நிக்கறன்."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு இனி அந்தக் கம்பிகூட மல்லுக்கட்ட முடியாது. நீ அஞ்சு போடாம இருந்தாலும் இதான் நடந்திருக்கும். அத யோசிச்சுட்டேதான் வந்தன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஜெசிந்தாவ ட்ரெய்னியா எடுத்துக்கறாங்க. புது மெஷின்ல, நம்ம ஹால்லதான். அதுக்குத்தான் வந்தன்."

"நான் பாத்துக்கறேன் மேரி. கவலைப்படாத."

"அதான் கூடாதுங்கறன்."

எனக்குப் புரியவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். கண்ணாடி இல்லாமல் என் முகம் அவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ.

"உனக்கு அவ மேல உசுரு. எனக்குத் தெரியாதா? அவ தப்புப் பண்ணா நீ சொல்ல மாட்ட. உக்காந்து திருத்துவ. திருத்த முடியாத நாளு வந்துச்சுன்னா அவளுக்குத் தெரியாம எழுதுவ. அவளுக்கு மேல நீ இருக்கக் கூடாது. வேற யாராவது இருக்கட்டும், கத்தறவங்களா இருந்தாலும் சரி. இத ஒண்ணு எனக்காகச் செய்."

செய்கிறேன் என்று சொன்னேன். எழுந்துகொண்டாள். படியிறங்கும்போது கையைப் பிடிக்கப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கிவிட்டாள்.

துணி பாதி வாளியிலேயே கிடந்து மறுபடி அலச வேண்டியதாயிற்று.

8 ஜனவரி 1996, திங்கள்

நிரஞ்சனிடம் எழுதிக் கொடுத்தேன். எதிர்ப்பக்கம் இரண்டாம் யூனிட்டில், வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களைச் சரிபார்க்கிற இடத்துக்கு மாற்றம் கேட்டு.

"அங்க உங்களுக்குக் கீழ ஆளே கிடையாது மேடம். முதல் தரம் வாங்கினவங்க நீங்க. அடுத்தது உங்களுக்கு அசிஸ்டன்ட் மேனேஜர் வரும்."

"எனக்குக் கீழ ஆள் இல்லாத இடம்தான் சார் வேணும்."

பேனா மூடியைக் கழற்றினார். "நானும் கேட்டுப் பாக்கணும் அந்த மாதிரி ஒரு இடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

31 ஜனவரி, புதன்

ஹாலில் கடைசி நாள். லோகநாயகி டிசம்பரிலேயே மேரியோடு போய்விட்டாள். இருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு புடவை வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல புடவைதான். யாரும் ஏன் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஜன்னல் பக்கத்து மேசைகளை எடுத்துவிட்டு ஜெர்மன் மெஷினுக்குத் தரை போட்டிருக்கிறார்கள். ஈரம் காயவில்லை, சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

12 பிப்ரவரி, திங்கள்

இங்கே நான் அளப்பது இரும்பு வளையங்களையும் ஸ்பிரிங்குகளையும். அளவு சரி என்றால் பச்சைத் தட்டு, தப்பு என்றால் சிவப்புத் தட்டு. அவை என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைத் தவிர இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கன்னடக்காரர், அதிகம் பேச மாட்டார். இன்னொருவர் எப்போதும் லீவு.

மேரிக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

18 பிப்ரவரி, ஞாயிறு

போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று சொல்லி, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே இருமல் சத்தம் கேட்டது. விழித்துத்தான் இருந்திருக்கிறாள்.

4 மார்ச், திங்கள்

கேன்டீன் இரண்டு யூனிட்டுக்கும் பொது. நான் தூண் பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "சித்தி!" என்று ஒரு குரல். ஜெசிந்தா, புது நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். சேர்ந்து ஒரு மாதமாகிறதாம். மெஷினுக்குப் பழகும் முன் ட்ரெய்னிகள் எல்லோரும் கையாலும் சுற்றிப் பழக வேண்டுமாம். சூப்பர்வைசர் சேலத்துக்காரராம், சிடுசிடு என்று விழுகிறாராம்.

"காலைலேர்ந்து இதத்தான் பண்ணினேன் சித்தி. அவர்கிட்டக் காட்டறதுக்கு முன்னாடி நீங்க பாருங்க. நல்லாத்தானே இருக்கு?"

கோட்டுப் பையிலிருந்து ஒரு காயிலை எடுத்து என் கையில் வைத்தாள். முகமெல்லாம் மேரி. மேரி வேலைக்குச் சேர்ந்த வருஷத்து முகம்.

சுற்று நடுவில் தளர்ந்திருந்தது. முனையில் சால்டர் உருண்டை உருண்டையாக நின்றது, பிடிக்கவில்லை. ஸ்டோரில் சொன்னால் ஒரு சால்டர் இரும்பு கிடைக்கும். ஐந்து நிமிஷ வேலை. இவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் சரிசெய்து கையில் கொடுத்துவிடலாம். 'நல்லா இருக்கும்மா' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நல்லா இல்லை" என்றேன்.

அவள் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"நெஜமாத்தான். நடுவுல தளந்திருக்கு. முனை பிடிக்கவே இல்லை. இதைக் காட்டினா அவர் திருப்பிக் கொடுத்துடுவார். கொடுக்கறதுதான் சரி."

"காலைலேர்ந்து பண்ணேன் சித்தி."

"தெரியுது. மறுபடி பண்ணு."

அவள் முகம் சிவந்துவிட்டது. காயிலை வாங்கிக்கொண்டு, தோழிகள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய்விட்டாள். அங்கே ஒருத்தி என்ன என்று கேட்க, இவள் உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். மோர் ஊற்றிக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.

பக்கத்து மேசையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பையன் வந்து என் எதிரே இருந்த நாற்காலியின் முதுகில் கை வைத்து, "யாராவது வர்றாங்களா மேடம்? எடுத்துக்கலாமா?" என்று கேட்டான்.

எடுத்துக்கோங்க என்றேன்.